பிரான்ஸ் பயணம்: பொன்ஜூரில் தொடங்கி வேலைநிறுத்தம் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் ஈபிள் கோபுரம் அழகு, ரொட்டி பிரமாதம், ஆட்கள்தான் கொஞ்சம் திமிர் பிடித்தவர்கள் என்பார்கள். அந்தத் திமிரில் பெரும்பங்கு, கடைக்குள் நுழைந்த முதல் ஐந்து நொடியில் நாமே தேடிக்கொண்டது என்பது என் கட்சி.

ஒரு பேக்கரியில் நின்று கவனியுங்கள். உள்ளூர்க்காரர் உள்ளே வருகிறார். வரும்போதே வரிசையில் நிற்பவர்களுக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு ‘பொன்ஜூர்’, அதாவது வணக்கம். தன் முறை வந்ததும் கல்லாவில் இருப்பவருக்குத் தனியாக ‘பொன்ஜூர், மதாம்’. அவர் பதிலுக்குச் சொன்ன பிறகுதான் ‘ஒரு பகெத், சில் வூ ப்ளே’ (ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து). காசைக் கையில் திணிப்பதில்லை, அங்கே இருக்கும் சின்னத் தட்டில் வைக்கிறார். கிளம்பும்போது ‘மெர்சி, ஓ ர்வார்’ (நன்றி, போய் வருகிறேன்). நம்மவர் எப்படி வாங்குகிறார்? ஒரு கையில் போன், இன்னொரு கை விரல் கண்ணாடிக்குள் இருப்பதைக் காட்ட, ‘டூ க்ரோய்சான்ட்’. அந்த அம்மா முகத்தில் சிரிப்பே இல்லாமல் ‘பொன்ஜூர்’ என்று அழுத்திச் சொன்னால், அது வரவேற்பு இல்லை, ‘நீ இன்னும் சொல்லவில்லை’ என்ற நினைவூட்டல்.

ஆங்கிலம் பேசியது குற்றமே இல்லை. நம் ஊரில் காசு கொடுப்பவர் முதலாளி. அங்கே கடை என்பது கடைக்காரரின் இடம், நீங்கள் வந்தவர். யார் வீட்டுக்காவது போனால் வாசலிலேயே ‘காபி கொண்டாங்க’ என்றா ஆரம்பிப்போம்? பஸ் டிரைவர், லிஃப்டில் எதிர்ப்படுபவர், டாக்டரின் காத்திருப்பு அறை, வழி கேட்கத் தெருவில் நிறுத்தும் ஆள் என்று எல்லோருக்கும் இதே விதிதான். பொழுது சாய்ந்தால் ‘பொன்ஸ்வார்’. அதற்கப்புறம் ‘பார்லே வூ ஆங்லே?’ (ஆங்கிலம் பேசுவீர்களா?) என்று கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். சற்று முன்வரை ஆங்கிலமே தெரியாதவர் போல நின்றவர் பளிச்சென்று பேசுவார்.

இரண்டாவது தவறு, பசி எடுக்கும்போது சாப்பிடலாம் என்று நம்புவது. மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 அல்லது 7.30-க்கு மேல். நடுவில் பெரும்பாலான உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். மியூசியத்திலிருந்து மூன்று மணிக்குக் குழந்தைகளோடு வெளியே வந்தால் பேக்கரி சாண்ட்விச்தான் கதி, அல்லது ‘செர்விஸ் கோந்தினு’ (இடைவேளை இல்லாமல் சாப்பாடு) என்று பலகை வைத்த இடத்தைத் தேட வேண்டும். பரிமாறுபவரை விரல் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள், ‘கார்சோன்’ (பையா) என்றும் அழைக்காதீர்கள். ‘மிஸ்யூ’, ‘மதாம்’ போதும். சாப்பிட்டு முடித்தாலும் பில் தானாக வராது. நீங்கள் கேட்கும்வரை மேஜை உங்களுடையது என்பது அவர்கள் மரியாதை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியது, அதனால் கணக்குப் போட்டு டிப்ஸ் தர வேண்டாம். மனசுக்குப் பிடித்தால் ஒன்றிரண்டு யூரோ. வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் காசு போட்ட பாட்டில் வரலாம், ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும்.

சைவக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. ‘வெஜிடேரியன்’ என்றால் மீன் சாப்பிடுவீர்கள்தானே என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. சாலட்டில் பொடியாகத் தூவிய பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும், கீஷ் லொரேன் என்ற முட்டைப் பையிலும் (pie) அதே. வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறில் கொதித்தது. புட்டிங் வகைகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். ஆகவே ‘நி வியாந்த், நி புவாசோன்’, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம், என்று சொல்லி, சூப்பில் என்ன சாறு என்றும் கேட்டுவிடுங்கள். பாரிசில் மனம் சோர்ந்துபோனால் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பேல் என்ற பகுதி இருக்கிறது. தமிழ்க் கடைகளும் இட்லி தோசையும் அங்கே கிடைக்கும்.

நாள் பார்க்காமல் திட்டம் போடுவது அடுத்தது. பாரிசின் லூவ்ர் மியூசியம் செவ்வாய் விடுமுறை, ஓர்சே மியூசியமும் வேர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. லூவ்ர் மூடியிருக்கிறதே என்று செவ்வாய்க்கிழமை வேர்சாய்க்குப் போகிறவர்கள் ஏராளம், அன்று அங்கே கூட்டம் தாங்காது. மே மாதத்தில் 1, 8, அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும் கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறைகள். ஆகஸ்டில் சின்னக் கடைகள் வாரக்கணக்கில் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும்.

விசாவில் நம்மவர்கள் அதிகம் இடறுவது, உறவினர் வீட்டில் தங்கப்போகிறவர்கள். மாமா கையெழுத்திட்ட கடிதம் போதாது. அவர் தன் ஊர் நகராட்சி அலுவலகமான மேரியில் விண்ணப்பித்து, ‘அதெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். சில ஊர்களில் அதற்கு நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகும். டிக்கெட் போட்ட பிறகு அவருக்கு போன் செய்தால் இருவருக்கும் ரத்தக்கொதிப்புதான். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகள் சுற்றுவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவைத்தான் கேட்க வேண்டும்.

ரயிலில் சில பொறிகள். கார் து லியோன் என்பது பாரிசில் இருக்கும் நிலையம். லியோன் நகரில் இறங்குவதற்குப் பார்-தியு அல்லது பெராஷ் என்று பாருங்கள். அதிவேக ரயிலான டிஜிவியின் கதவுகள் புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். ‘பாரிஸ் பொவே’ என்று மலிவு விமான டிக்கெட்டில் இருக்கும் விமான நிலையம் பாரிசிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. மெட்ரோவில் பயணச்சீட்டுகளை ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈசி கார்டு ஒன்றிலேயே குடும்பமே நுழைய முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். வெளியேறும்வரை அதைக் கையில் வைத்திருங்கள், பரிசோதகர்கள் பெரும்பாலும் நடைபாதைத் திருப்பத்தில்தான் நிற்பார்கள், அபராதம் அங்கேயே. சாதாரண மெட்ரோ டிக்கெட் சார்ல் த கோல் விமான நிலையம் வரை செல்லாது.

வேலைநிறுத்தம் வந்தால் பயணமே போச்சு என்று பதறுவதும் தேவையில்லாத தவறு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த ரயில் ஓடும் எது ஓடாது என்பதைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பயணிகளுக்குச் சொல்லியாக வேண்டும். முந்தைய நாள் மாலை ரயில்வே ஆப்பைத் திறந்து உங்கள் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். ரத்து என்றிருந்தால் உடனே வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், காலையில் நிலையத்துக் கவுண்டர் வரிசையில் நிற்பது வேலைக்காகாது.