கோட்டை மானை ஓட்டோவிடம் இருந்து காப்பாற்றுங்கள்: ஸ்க்ராட்சில் முதல் அக்‌ஷன் விளையாட்டு

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்த வழியில் விலக வேண்டியது நாம்தான், மான் இல்லை. ஓட்டோக்காரர் எவ்வளவு ஹோர்ன் அடித்தாலும் அது தன்பாட்டில் நிற்கும். நம்முடைய விளையாட்டில் மட்டும் அது கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கட்டும். வலப் பக்கம் இருந்து ஓட்டோ வரும், ஸ்பேஸ் கீயை அழுத்தினால் மான் தாவும், பட்டால் ஆட்டம் முடிந்தது. இணையம் இல்லாத நேரத்தில் குரோமில் வருகிற டைனோசர் விளையாட்டும் இந்த வகைதான்.

இதை ஸ்க்ராட்சில் செய்வோம். பிளாக்குகளை (கட்டளைத் துண்டுகளை) இழுத்து அடுக்கியே நிரல் எழுதுகிற மென்பொருள் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007இல் வெளியிட்டது, இலவசம். இணையம் இல்லாத இடத்துக்கு ஓஃப்லைன் செயலியும் இருப்பதால் டேட்டா முடிந்துவிடும் என்ற கவலை வேண்டாம். தரம் பத்துக்கு வந்தபிறகு இது சின்னப் பிள்ளைகளின் சாமான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் கீழே வருகிற கணக்கு, நாளைக்கு நீங்கள் பைதன் என்ற நிரல் மொழிக்குப் போனாலும் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளுக்குப் போனாலும் அப்படியே கூட வரும்.

படி 1: இரண்டு பெட்டிகள்

மான் வரைய வேண்டாம். ஓட்டோவும் வேண்டாம். ஸ்க்ராட்சைத் திறந்தவுடன் மேடையில் நிற்கும் பூனையை அழித்துவிட்டு, 40க்கு 40 அளவில் மண்ணிறச் சதுரம் ஒன்று வரைந்து அதற்கு ‘மான்’ என்று பெயர் வையுங்கள். 50 அகலம், 40 உயரத்தில் சிவப்புப் பெட்டி ஒன்று ‘ஓட்டோ’. இரண்டையும் வரையும் பலகையின் நடுப்புள்ளியில் வைத்து வரையுங்கள், இல்லாவிட்டால் கீழே வரும் எண்கள் பொருந்தாது. மானின் உடம்பில் புள்ளி குத்திக்கொண்டே சனிக்கிழமை முழுவதையும் செலவழித்துவிட்டு, தாவல் சரிவரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெட்டியை வைத்து விளையாடும்போதே சுவையாக இருந்தால்தான் மான் வந்தபிறகும் சுவையாக இருக்கும்.

ஸ்க்ராட்சின் மேடை 480 அகலம், 360 உயரம். நடு மையம் பூச்சியம். எக்ஸ் இடப் பக்கம் -240, வலப் பக்கம் 240. வை கீழே -180, மேலே 180. மானை எக்ஸ் -150, வை -100இல் நிறுத்துங்கள். ஓட்டோவின் வையும் -100.

படி 2: தாவல்

முழு விளையாட்டும் இந்தப் படியில்தான் இருக்கிறது, ஆறுதலாக வாசியுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘ஸ்பேஸ் அழுத்தினால் வையை 100 கூட்டு, அரை விநாடி காத்திரு, 100 குறை’ என்று எழுதுவார்கள். மான் மேலே தோன்றும், கீழே தோன்றும், நடுவில் ஒன்றும் இருக்காது. உண்மையில் தாவுகிற எதுவும் முதலில் வேகமாகக் கிளம்பி, மேலே போகப் போக மெதுவாகி, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு வேகம் எடுத்துக்கொண்டு இறங்கும். இதைச் செய்ய ஒரே ஒரு மாறி, அதாவது மாறுகிற ஓர் எண்ணை நினைவில் வைத்திருக்கும் இடம், போதும். மாறிகள் பகுதியில் ‘வேகம்’ என்று ஒன்றை உருவாக்குங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஸ்க்ராட்ச் ஒன்றும் சொல்லாது.

மானுக்கான நிரல் இது. மஞ்சள் நிறப் பச்சைக்கொடி பிளாக்கில் தொடங்கி, முதல் இரண்டு கட்டளைகளுக்குப் பிறகு வரும் ஒரேஞ்ச் நிற ஃபாரெவர் (எப்போதும் திரும்பச் செய்) பிளாக்குக்குள் மற்றவற்றை அடுக்குங்கள்.

பச்சைக் கொடி அழுத்தப்பட்டால்
– எக்ஸ் -150, வை -100க்குப் போ
– வேகத்தை 0 ஆக்கு
– எப்போதும் திரும்பச் செய்:
—— வையை ‘வேகம்’ அளவால் மாற்று
—— வேகத்தை -2 ஆல் மாற்று
—— வை -99ஐ விடக் குறைவு என்றால்:
———— வையை -100 ஆக்கு
———— வேகத்தை 0 ஆக்கு
———— ஸ்பேஸ் அழுத்தியிருந்தால் வேகத்தை 20 ஆக்கு

ஏன் -99? ஸ்க்ராட்சில் ‘குறைவு அல்லது சமம்’ என்று ஒரே பிளாக் கிடையாது. -100ஐ விடக் குறைவா என்று கேட்டால், சரியாக -100இல் நிற்கும் மானைத் தரையில் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ஸ்பேஸ் பற்றிய கேள்வியைத் தரைச் சோதனைக்கு உள்ளே வைத்ததற்கும் காரணம் உண்டு. வெளியே வைத்தால் மான் காற்றிலேயே மறுபடி மறுபடி எம்பி, மேடையின் மேல் விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எண்கள். ஸ்க்ராட்ச் ஒரு விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும், அதாவது மேடையை 30 தடவை புதிதாக வரையும், ஒவ்வொரு ஃபிரேமிலும் மேலே உள்ள சுற்று ஒரு தடவை நடக்கும். வேகம் 20இல் தொடங்கி ஒவ்வொன்றாக 2 குறைந்தால் மான் ஏறுகிற உயரம் 20 + 18 + 16 … + 2, அதாவது 110. ஏறி இறங்க 21 ஃபிரேம், 0.7 விநாடி. இனி -2ஐ -1 ஆகவும், 20ஐ 14 ஆகவும் மாற்றிப் பாருங்கள். உயரம் 105, ஏறத்தாழ அதேதான். ஆனால் ஏறி இறங்க 29 ஃபிரேம் எடுக்கும், கிட்டத்தட்ட ஒரு விநாடி. நிலாவில் தாவுகிற மான் போல இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பாருங்கள், விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும். எனக்கு 20உம் -2உம்தான் பிடித்தது.

படி 3: ஓட்டோ

‘புள்ளி’ என்று இன்னொரு மாறி உருவாக்கிக்கொள்ளுங்கள். ஓட்டோவின் நிரல்:

பச்சைக் கொடி அழுத்தப்பட்டால்
– புள்ளியை 0 ஆக்கு
– எப்போதும் திரும்பச் செய்:
—— மறை
—— எக்ஸ் 240, வை -100க்குப் போ
—— 0.3 முதல் 1.2 வரை எழுமாறாக ஒரு எண், அத்தனை விநாடி காத்திரு
—— காட்டு
—— எக்ஸ் -230ஐ விடக் குறையும் வரை திரும்பச் செய்:
———— எக்ஸை -8 ஆல் மாற்று
———— மானைத் தொட்டால் எல்லாவற்றையும் நிறுத்து
—— புள்ளியை 1 ஆல் மாற்று

0.3, 1.2 என்று தசமத்தில் கொடுத்தால்தான் எழுமாறு எண்ணும் தசமத்தில் வரும். 1, 2 என்று கொடுத்தால் ஒன்றில் 1, இல்லாவிட்டால் 2. இரண்டு நிமிடத்தில் விளையாடுகிறவர் தாளத்தைப் பிடித்துவிடுவார். -240 என்று வைக்காமல் -230 என்று வைத்தது, ஸ்க்ராட்ச் எந்த உருவத்தையும் முழுதாக மேடைக்கு வெளியே விடாது என்பதால். உருவம் சிறிதாக இருந்தால் அது விளிம்பிலேயே நின்றுவிடும், சுற்றும் முடியாது.

தொடுகைச் சோதனையை மானிடம் கொடுக்காமல் ஓட்டோவின் நகர்வுச் சுற்றுக்குள் வைத்ததையும் கவனியுங்கள். போன ஆட்டத்தில் மோதிய இடத்திலேயே ஓட்டோ நின்றிருக்கும். சோதனை மானின் நிரலில் இருந்தால், கொடியை அழுத்தியவுடனே, ஓட்டோ தன் இடத்துக்குப் போவதற்கு முன்பே, ஆட்டம் முடிந்துவிடக்கூடும்.

படி 4: வேகம் என்கிற பொறி

ஆட்டம் கஷ்டமாக இருக்கிறது, ஓட்டோவின் வேகத்தை 8இல் இருந்து 6 ஆக்குவோம் என்று யாருக்கும் தோன்றும். செய்து பாருங்கள், இன்னும் கஷ்டமாகும்!

மேலே சொன்ன தாவலில் மான் தரையில் இருந்து 40க்கு மேல், அதாவது ஓட்டோவைத் தொடாத உயரத்தில், இருப்பது 16 ஃபிரேம் மட்டும். அதற்குள் ஓட்டோ மானைக் கடக்க வேண்டிய தூரம் 40 + 50, 90. வேகம் 8 என்றால் 16 ஃபிரேமில் 128 போகும், 38 மிச்சம். உங்கள் விரல் நாலைந்து ஃபிரேம் முன்பின் ஆனாலும் தப்பலாம். வேகம் 6 என்றால் 96தான் போகும், மிச்சம் 6, ஒரே ஒரு ஃபிரேம். இலகுவாக்க வேண்டும் என்றால் ஓட்டோவை ஒடுக்குங்கள் அல்லது தாவலை உயர்த்துங்கள்.

போகப் போகக் கடினமாக்க, -8க்குப் பதிலாக 8ஓடு ‘புள்ளியைப் பத்தால் வகுத்துக் கீழ்நோக்கி முழுதாக்கியதை’ கூட்டி, -1ஆல் பெருக்கிப் போடுங்கள். பத்துப் புள்ளிக்கு ஒரு தடவை வேகம் 1 கூடும். 14க்கு மேல் விட வேண்டாம், ஓட்டோ தோன்றி மானை அடைய ஒரு விநாடிகூட இருக்காது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற விளையாட்டில் எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவை வேகம் எடுத்தது, வரைய வேண்டியவை குறைந்ததால் கணினி தானாக வேகமானதால்தான். அதை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகடோ அது நன்றாக இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார்.

படி 5: இப்போது மான்

சரி, இனிப் பெட்டிகளுக்கு மேல் படம் வரையலாம். கொம்பு வைத்த கலைமான் அழகுதான், ஆனால் ஸ்க்ராட்ச் படத்தின் உண்மையான ஓரத்தை வைத்தே தொடுகையைப் பார்க்கிறது. தாவும்போது முன்னே நீட்டிய கால், இறங்கும்போது நீண்ட கொம்பு என்று ஏதாவது ஒன்று ஓட்டோவில் உரசி, ‘நான் தொடவே இல்லை’ என்று வீட்டில் சண்டை வரும். கொம்பில்லாத பெண்மானை, 40க்கு 40 சதுரத்துக்குள் அடங்க வரையுங்கள். ஓட்டோவின் முன்கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தால் இன்னும் ஒன்றிரண்டு ஃபிரேம் இலவசமாகக் கிடைக்கும். பின்னால் கடல் நீலம், கீழே சாம்பல் நிற ரோட்டு, அது போதும்.

அப்புறம் ஒரு சின்ன மாற்றம். மானின் ஃபாரெவர் பிளாக்குக்குள் கடைசியாக, தரைச் சோதனைக்கு வெளியே, இதைச் சேருங்கள்: ஸ்பேஸ் அழுத்தப்படவில்லை, வேகமும் 8ஐ விடக் கூட என்றால், வேகத்தை 8 ஆக்கு. கீயை அழுத்திப் பிடித்தால் முழுத் தாவல், தட்டிவிட்டால் குட்டித் தாவல். குட்டித் தாவலில் மான் சீக்கிரம் தரைக்கு வந்துவிடும், ஆனால் 50 அகல ஓட்டோவைத் தாண்டாது. அதனால் 20 அகலத்தில், பாதி உயரத்தில், ரோட்டில் உருண்டு வருகிற சொப்பிங் பேக் ஒன்றையும் ஓட்டோவின் நிரலை நகலெடுத்துச் செய்து விடுங்கள். அதற்கு வேகம் 8க்குப் பதிலாக 11 கொடுத்துப் பாருங்கள்.