சோகமாக மீளப் பாடப்பட்ட பழைய பாடலைப் பொருளுணர்ந்து கேட்பது எப்படி?

பழைய பாடலொன்றை ஒருவர் காலப்பிரமாணத்தை (வேகத்தை) குறைத்து, கிட்டார் மட்டும் துணைவர மீளப் பாடும்போது, அதிலுள்ள சோகம் பாட்டிலேயே இருந்ததா, பாடியவர் ஏற்றியதா, கேட்கும் நாம் கொண்டுபோனதா என்று பிரித்தறிய வேண்டும். பாரதியாரின் ‘ஆசை முகம் மறந்து போச்சே’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

முதலில் இசையை நிறுத்திவிட்டு வரிகளை மட்டும் வாசியுங்கள். 1917இல் வெளிவந்த கண்ணன் பாட்டில் இது ‘பிரிவாற்றாமை’ என்ற தலைப்பின்கீழ் வருகிறது. காதலி தோழியிடம் முறையிடுகிறாள். நேசம் மறக்கவில்லை, முகம்தான் மறந்துபோயிற்று என்பதே அவளது முறைப்பாடு.

அடுத்து மெட்டுக்கு வாருங்கள். பதிப்புகளில் இப்பாடலுக்குப் பிலஹரி இராகமே குறிக்கப்பட்டிருக்கிறது. மேடைகளில் பலரும் பாடுவதோ ஜோன்புரி. துலக்கமான பிலஹரியின் காந்தாரம், தைவதம், நிஷாதம் (க, த, நி) ஆகிய மூன்று சுரங்களும் ஜோன்புரியில் அரைச்சுரம் தாழ்ந்துவிடுவதால், வேகம் குறையாமலே பாட்டு இருண்டுவிடுகிறது. ஆகவே இன்றைய பாடகர் புதிதாகச் சேர்த்தது அந்த இருட்டையன்று. எந்த அடியை அவர் திரும்பத் திரும்பப் பாடுகிறார், எங்கே மூச்சுவிட இடம் வைக்கிறார், எந்தச் சரணத்தை விட்டுவிடுகிறார் என்பவற்றிலேயே அவருடைய பங்கைத் தேட வேண்டும். (எக்கோவைக் கூட்டிவைப்பதை நான் பங்காகக் கணக்கிடுவதில்லை.)

‘வானை மறந்திருக்கும் பயிரும்’ இவ்வுலகில் இல்லை என்னும் சரணம் விடுபட்டிருந்தால் இழப்புப் பெரிது. மானாவாரியாகக் காலபோக (மாரிகால) நெல்லை விதைத்துவிட்டு மேகம் பார்த்திருக்கும் வன்னிக் கமக்காரருக்கு அது வெறும் அலங்கார உவமையன்று. பயிர்கூட வானை மறவாதிருக்க, நான் முகத்தை மறந்துவிட்டேனே என்னும் காதலியின் குற்றவுணர்வும் அங்கேதான் கூர்மை பெறுகிறது.

எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்க வேண்டியது, ‘வண்ணப் படமுமில்லை கண்டாய்’ என்ற அடி. 2009இல் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்தவர்களில் பலர் வீட்டு அல்பங்களை வழியிலேயே இழந்தனர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் போராட்டத்தைத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கையில் ஏந்தியவை பிள்ளைகளின் படங்களே. படம் எஞ்சிய தாயும் எஞ்சாத தாயும் இந்த ஓரடியை ஒரே விதமாகக் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பொருளைச் சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருந்து பாடியவரின் நோக்கமாகச் சொல்லிவிடாதீர்கள். அவர் காதற்பிரிவை மட்டுமே எண்ணிப் பாடியிருக்கலாம்; ‘பாடல் சொல்வது’, ‘பாடகர் செய்தது’, ‘எங்களுக்கு ஆவது’ என மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்வதே நேர்மை. ஊர் நிகழ்வொன்றில் இதை ஒலிக்கவிடுவதாயின், ஒரு சரணத்தோடு வெட்டாமல் முழுவதையும் போடுங்கள். ஒலிபெருக்கியில் போடுமுன், இருப்போரில் யாருக்கு அந்த அடி தாங்க முடியாததாக இருக்கும் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.