கியர் ஆயில் மாற்றுவது எப்படி: மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள்

இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டரை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைப்பவர்கள்கூட, கியர் பாக்ஸுக்குள் தனியாக ஒரு ஆயில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அது குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியாது, பெரும்பாலான மேனுவல் கார்களில் அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. யாராவது கீழே படுத்து, கியர் பாக்ஸின் திருகு மூடியான பிளக்கைக் கழற்றிப் பார்த்தால்தான் உண்டு. அதை நாமே செய்யலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இங்கே சொல்வது முன்சக்கரம் இழுக்கும் சாதாரண மேனுவல் கார்களுக்கு மட்டும். ஆட்டோமேட்டிக், சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் வகை) வண்டிகளில் ஆயிலும் வேறு, அளவு பார்க்கும் முறையும் வேறு. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் பல வண்டிகளில் அளவே பார்க்க முடியும். அவற்றை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள்.

முதலில் ஆயில் வாங்குவோம். கையேட்டில் 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90 என்று ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஒரு எண்ணும், பக்கத்தில் ஜிஎல்-4 என்பதுபோல ஒரு தரமும் போட்டிருக்கும். எண்ணை எல்லோரும் பார்க்கிறோம், தரத்தைத்தான் கோட்டை விடுகிறோம். ஜிஎல்-5 பெரிய எண்ணாக இருப்பதால் உசத்தி என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அதிகம், பின் அச்சில் இரு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் கனமான பற்களுக்காகச் சேர்த்தது. நம் கியர் பாக்ஸில், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோனைசர் வளையங்கள் பெரும்பாலும் பித்தளை வகை. அந்த மருந்து சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும், கியர் விழும்போது வேண்டிய பிடிப்பும் குறையும். அதனால் கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4தான். சின்ன கார்களுக்குச் சுமார் 2 லிட்டர் ஆகும், சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு பிளக்குக்கும் புது வாஷர், ஒரு நீள ஓஸ், புனல், பழைய டப்பா, வேஸ்ட் துணி.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடியில் தங்கிய கசடோடு இறங்கும். சைலன்சர் குழாய் சுடும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியைத் தூக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அண்டை கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன், பதறுகிறது. அந்தக் கல் விரிசல் காட்டாமலே நொறுங்கும். நாலு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட் போட்டு வண்டியைச் சமமட்டமாக நிறுத்துங்கள், இல்லையென்றால் குழி உள்ள ஷெட்டில் ஒரு மணி நேரம் இடம் கேளுங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் ஆயில் அளவு தப்பாகிவிடும்.

அடுத்து பிளக்கை அடையாளம் காண்பது. புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பெரிதாகத் தவறுகிறார்கள்: இன்ஜின் ஆயிலை இறக்குவதாக நினைத்து கியர் ஆயிலை இறக்கிவிட்டு, மேலே இன்ஜினில் இன்னும் மூன்று லிட்டர் ஊற்றிவிடுவார்கள். சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் எந்தப் பெட்டியிலிருந்து வெளியே வருகிறதோ, அதுதான் கியர் பாக்ஸ். அதன் அடியில் இருப்பது ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக், பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்.

மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இதைத் தலைப்பிலேயே போட்டதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு என் பழைய காரில் கீழ் பிளக்கைக் கழற்றி ஆயில் முழுவதையும் இறக்கிவிட்டு, மேல் பிளக்கில் ஸ்பேனர் போட்டால் அசையவே இல்லை. தலை மழுங்கியதுதான் மிச்சம். கியர் பாக்ஸில் சொட்டு ஆயில் இல்லாத வண்டியை ஓட்டவும் முடியாது, முன்சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்கவும் கூடாது. மெக்கானிக் வீட்டுக்கே வந்து நட்டு ஒன்றை அதன்மேல் வெல்டிங் வைத்துக் கழற்றினார். மேல் பிளக் அசையவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், உள்ளே பழைய ஆயில் இருக்கிறது, ஷெட்டுக்கு ஓட்டிப் போகலாம்.

மேலது கழன்றதும் கீழதைக் கழற்றி, கால் மணி நேரம் வடிய விடுங்கள். கந்தக நாற்றம் குப்பென்று வரும், பழைய சட்டை போட்டுக்கொள்வது நல்லது. பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் விரலால் வழித்துப் பாருங்கள். மை போல வழவழப்பான சாம்பல் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம்தான். விரல்களுக்கு நடுவே நெருடினால், ஊசி போலவோ பல்லின் மூலை போலவோ துண்டு கிடைத்தால், புது ஆயில் அதைக் குணப்படுத்தாது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததே, அப்படித் தேங்கிய தண்ணீரில் வண்டியை ஓட்டும்போது, சூடான கியர் பாக்ஸ் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும்; காற்று போய்வர விட்டிருக்கும் பிரீதர் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். முழங்கால் தண்ணீரில் போன வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கீழ் பிளக்கைத் துடைத்து, புது வாஷரோடு முதலில் கையாலேயே திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். கேசிங் அலுமினியம், முழு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். பானெட் பக்கமிருந்து ஓஸை மேல் துளைக்குள் விட்டு, புனல் வைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஆயில் கெட்டி, அவசரப்பட்டால் புனல் நிரம்பி வழியும். துளையின் விளிம்பில் ஆயில் கசிய ஆரம்பித்தால் அதுதான் அளவு. சுண்டுவிரலை உள்ளே விட்டு வளைத்தால் நுனி நனைய வேண்டும். சில மாடல்களில் இந்தத் துளையே இருக்காது, அங்கே கையேட்டில் சொன்ன அளவை அளந்து ஊற்றுவதுதான் வழி.

மேல் பிளக்கையும் மூடி, சிந்தியதைத் துடைத்துவிட்டு, ஒரு சுற்று ஓட்டி எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் எடுக்கும் ஷெட்டில் கொடுத்துவிடுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு விழுந்திருந்தால் எந்த பிளக்குக்கு நேர் கீழே என்று பார்த்து, அதை மட்டும் இன்னும் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.