புதுச்சேரி வானில் கப்பல் விடுவோர் கவனத்துக்கு

மாற்று வரலாற்றில் ஆகாயக் கப்பல் பறக்கும் இளையோர் சாகச நாவல் ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் குறைவில்லை. கடலை நோக்கி நேராக ஓடும் தெருக்களும், பழைய கலங்கரை விளக்கமும், பிரெஞ்சு ஒலி கலந்த பெயர்களும் சேர்ந்து, கதையில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிட்டது போன்ற மயக்கத்தைத் தந்துவிடுகின்றன. அப்படி எழுதப்பட்ட சில கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அமைந்தது. நானே ஒன்றைத் தொடங்கி எட்டாம் அத்தியாயத்தில் கைவிட்டதும் உண்டு. ஒரு படியில், 1885ஆம் ஆண்டின் மாலைப் பொழுதொன்றில் கப்பல் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இறங்கியது. அந்த ஆண்டில் காந்தி ராஜ்கோட்டில் பள்ளி மாணவர். இத்தகைய பிழை ஒரு வரியை அடித்தால் தீர்ந்துவிடும். அப்படித் தீராத, கதையின் அடித்தளத்தையே ஆட்டிவிடும் பிழைகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவற்றுள் முதன்மையானது, ஆகாயக் கப்பலைப் பறக்கும் பேருந்தாக எண்ணிக்கொள்வது. பேருந்தில் பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் நெரிசல் கூடும். ஆகாயக் கப்பலில் ஒருவர் கூடுதலாக ஏறினாலே கணக்கு மாறும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோ எடையைத் தூக்கும். 100 டிகிரிக்குச் சூடாக்கிய காற்று தூக்குவதோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான். 5,000 கன மீட்டர் ஹைட்ரஜன் அடைத்த கப்பல் மொத்தம் 5.4 டன் தூக்கும் என்று வைத்துக்கொண்டால், அந்த 5.4 டன்னுக்குள் துணி, கயிறு, சட்டகம், இயந்திரம், எரிபொருள், குடிநீர், மணல் மூட்டைகள், மனிதர்கள் எல்லாமே அடங்கிவிட வேண்டும். நான் படித்த ஒரு கதையில், இதைவிடச் சிறிய கப்பலில் பன்னிரண்டு பீரங்கிகளும் ஒரு நடன மண்டபமும் இருந்தன.

இந்தக் கணக்கை முட்டுக்கட்டையாகக் கருதுவதும் ஒரு பிழையே. பகலில் வெயில் பட்டு வாயு விரியும்போது கப்பல் மேலே ஏறும்; மிகையாக ஏறிவிடாமல் இருக்கத் திறப்பு வழியாக வாயுவை வெளியேற்ற வேண்டும். மாலையில் வாயு குளிர்ந்து சுருங்கும்போது கப்பல் தாழும். அப்போது மணலைக் கொட்ட வேண்டும். வெளியேறிய வாயுவும் திரும்பாது, கொட்டிய மணலும் திரும்பாது. எத்தனை நாள் பறக்கலாம் என்பதை இந்த இரண்டு கையிருப்புகளே முடிவு செய்கின்றன என்றால், சாகசக் கதைக்கு இதைவிட இறுக்கமான கடிகாரம் கிடைக்குமா? மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயுவை அடக்கியிருக்கும் உறையின் மேற்பரப்பு 1,000 சதுர மீட்டர் என்றால், அதன்மேல் அரை மில்லிமீட்டர் நீர் படிந்து நின்றாலே அரை டன் பாரம் கூடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் கரையில் மழை எப்படிப் பெய்யும் என்பதை உள்ளூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாயு எங்கிருந்து வருகிறது என்பதைப் பலரும் எழுதுவதே இல்லை. எழுதுகிறவர்களில் பாதிப்பேர், தீப்பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக ஹீலியத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஹீலியத்தின் அடையாளம் முதன்முதலில் 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை ஒட்டி வெளிப்பட்டது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அதைக் குண்டூரில் இருந்து கவனித்தார். பூமியில் அதைப் பிரித்தெடுத்தது 1895இல். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து இயற்கை வாயுவில் அது கணிசமாக இருப்பது தெரிந்தது 1905இல். எனவே 19ஆம் நூற்றாண்டுக் கதையில் ஹீலியம் சூரியனில் இருக்கலாம், குண்டூர்த் தொலைநோக்கிக்குள் ஒரு மஞ்சள் கோடாக இருக்கலாம், கப்பலுக்குள் மட்டும் இருக்க முடியாது.

மிஞ்சுவது ஹைட்ரஜன். அக்காலத்தில் இரும்புத் தூளின்மேல் கந்தக அமிலத்தை ஊற்றி அதைத் தயாரித்தார்கள். மேலே சொன்ன 5,000 கன மீட்டர் கப்பலை ஒருமுறை நிரப்புவதற்கே சுமார் 11 டன் இரும்பும் 20 டன் அமிலமும் தேவைப்படும். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்க, தைத்த பலகைகளால் ஆன சலங்கு என்ற படகுகளில்தான் ஆட்களும் சரக்கும் அலை தாண்டி வந்தார்கள். இருபது டன் அமிலம் கண்ணாடிக் குடுவைகளில், வைக்கோல் சுற்றி, அந்தச் சலங்குகளில் அலை உடையும் இடத்தைக் கடந்து வரும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு படியிலும் அது இல்லை. எல்லாப் படிகளிலும் கப்பல் நிரம்பிய நிலையிலேயே அறிமுகமாகிறது.

உறை பற்றியும் ஒரு சொல். 1880களில் பிரிட்டிஷ் ராணுவம் தன் பலூன்களை மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வால் செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் மெருகெண்ணெய் பூசிய பட்டுத் துணியைப் பயன்படுத்தினார்கள். இவற்றில் எதை உங்கள் கதை தேர்ந்தெடுக்கிறதோ, அதைப் பொறுத்து யார் அந்த உறையைத் தைப்பார்கள், யார் அதைத் தொட மறுப்பார்கள், யார் அதில் ஏறத் தயங்குவார்கள் என்ற கேள்விகள் எழும். ஒரு முழு அத்தியாயமே அங்கே காத்திருக்கிறது.

தீயைப் பொறுத்தவரை இரு எல்லைகளிலும் தவறு நடக்கிறது. ஹைட்ரஜன் கப்பலின் தளத்தில் சமையல் அடுப்பு எரிகிறது, மாலுமி சுருட்டுப் பிடிக்கிறார், ஒன்றும் ஆவதில்லை; அல்லது முதல் துப்பாக்கிக் குண்டிலேயே கப்பல் வெடித்துச் சிதறுகிறது. ஹைட்ரஜன் தனியாக எரியாது. காற்றோடு கலக்க வேண்டும். ஆகவே கசிவும், வாயுவை வெளியேற்றும் நேரமும்தான் ஆபத்தானவை. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் எரிந்த ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் தப்பினார்கள். அதே ஹைட்ரஜனோடு கிராஃப் செப்பெலின் என்ற இன்னொரு ஜெர்மன் கப்பல் 1928 முதல் 1937 வரை 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தும் ஒரு பயணியைக்கூட இழக்கவில்லை. இந்தியாவை நோக்கிக் கிளம்பிய ஆர்101 என்ற பிரிட்டிஷ் கப்பலோ 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து 48 பேர் மாண்டார்கள். அது வந்து தங்குவதற்காகக் கராச்சியில் பெரும் கொட்டகை ஒன்று கட்டப்பட்டுக் காத்திருந்தது.

கொட்டகை என்றதும் என் சொந்தப் பிழை நினைவுக்கு வருகிறது. என் நாவலில் கப்பல் வீராம்பட்டினத்து மணலில் நிதானமாக இறங்கி, கதாநாயகன் ஏணி வழியே நடந்து வந்தான். அந்தப் பகுதியை அவ்வூர் மீனவர் ஒருவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டுமரத்தக் கரையேத்தவே நாலு பேரு வேணும் சார், உங்க கப்பல யாரு புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க?" என்றார். நான் யாரையும் நிறுத்தியிருக்கவில்லை. பெரிய கப்பல்களை இறக்க நூற்றுக்கணக்கானோர் கயிறு பிடித்தார்கள் என்பதை அதன் பிறகே தேடிப் படித்தேன். காற்றின் திசையையும் அவரே கேட்டார்: வாடையா, கொண்டலா, கச்சானா? மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பாமல் ஆகாயக் கப்பல் இறங்க முடியாது. கோடையில் முற்பகல் வரை நிலத்திலிருந்து வீசும் காற்று பிற்பகலில் கடற்காற்றாக மாறும் இந்தக் கரையில், இறங்கும் வேளையைக் கப்பித்தான் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள இயலாது. கொட்டகையைக் கடற்கரையிலிருந்து கோரிமேட்டுச் செம்மண் மேட்டுக்கு மாற்றினேன். கதை மூன்று அத்தியாயம் பின்னோக்கிப் போனது.

இனி வரலாற்றுக்கு வருவோம். மாற்று வரலாறு என்றால் வரலாற்றை விருப்பம் போல் கலைத்துப் போடுவது என்று கொள்கிறவர்கள், பிரெஞ்சுக்காரர்கள் வென்றதாகவும், நெப்போலியன் புதுச்சேரிக்கு வந்ததாகவும், மின்விளக்கு நூறாண்டு முன்பே எரிந்ததாகவும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். ஒன்றை மாற்றினால் போதும். ஆனால் அந்த ஒன்று எதனால் நடந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். 1761 ஜனவரி 1 அன்று ஒரு புயல், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதறடித்தது. ஆனாலும் ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது, ஏனெனில் உள்ளே சோறில்லை. அந்தப் புயலை இன்னும் பலமாக்கி நகரத்தைக் காப்பாற்றிய ஒரு படியைப் படித்தேன். காப்பாற்றப்பட்டவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் இல்லை.

நல்ல திருப்புமுனை தேடுகிறவர்களுக்கு 1783ஆம் ஆண்டைப் பரிந்துரைக்கிறேன். அவ்வாண்டு ஜூன் 4 அன்று பிரான்சின் அனோனே ஊரில் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் ஆளில்லாப் பலூனை ஊர் மக்கள் முன்னிலையில் பறக்கவிட்டார்கள். ஜூன் 13 அன்று கடலூரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயப் படை தாக்கியது. ஜூன் 20 அன்று கடலூருக்கு வெளியே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரேனின் கப்பல்கள் ஆங்கிலேயக் கப்பல்களோடு போரிட்டன. இத்தனைக்கும் இரு நாடுகளுக்கும் இடையே முதற்கட்ட சமாதானம் ஜனவரி 20 அன்றே வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி பாய்மரக் கப்பலில் வந்து சேர்வதற்குள் இங்கே மனிதர்கள் செத்தார்கள். பத்தாண்டு முன்னதாக ஒரு ஆகாயக் கப்பல் சாத்தியமாகியிருந்தால் அது முதலில் மாற்றியிருக்கக்கூடியது பீரங்கியை அல்ல, தபாலை. அந்தத் தபாலைச் சுமக்கிறவன் பதினாறு வயதுப் பையனாக இருந்து, அதைத் தாமதப்படுத்தினால் லாபம் அடைகிறவர்கள் இரு தரப்பிலும் இருந்தால், நாவல் ஏறத்தாழ அமைந்துவிட்டது.

இதே தபாலை 1885க்குக் கொண்டுபோனால் கதை படுத்துவிடும். 1870 முதல் ஐரோப்பாவிலிருந்து கடலடித் தந்திக் கம்பி பம்பாய் வரை வந்துவிட்டது. 1879இல் புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. உயிரைப் பணயம் வைத்து ஆகாயத்தில் கொண்டுவரும் செய்தியைத் தந்திக்காரர் முதல் நாளே கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கப்பல் இல்லாவிட்டால் இந்தக் காலத்தில் எது கெட்டுப்போகும் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1885இல் அதற்கு விடை உண்டு. செய்தியைத் தந்தி கொண்டுபோகும், ஆளை அது கொண்டுபோகாது. ஆங்கிலேயக் காவல் நிலையங்களைத் தாண்டாமல் ஒருவரைப் புதுச்சேரியிலிருந்து மேற்குக் கரையில் பிரெஞ்சு வசமிருந்த மாஹேவுக்குக் கொண்டுசேர்ப்பது நல்ல சாகசம். நேர்கோட்டில் 470 கிலோமீட்டர். ஆனால் நேர்கோட்டில் போனால் மலை. 1,000 மீட்டர் ஏறினால் வாயு பத்தில் ஒரு பங்கு விரியும், மீண்டும் அதே கையிருப்புக் கணக்கு. தாழ்ந்த பாலக்காட்டுக் கணவாய் வழியே போகலாம். அதைத் துரத்துகிறவர்களும் அறிவார்கள்.

பெயரிலும் பேச்சிலும் நிகழும் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, அக்காலப் புதுச்சேரித் தமிழில் பிரெஞ்சுச் சொற்கள் எப்படிப் புழங்கின என்பதற்கு நம்மிடம் உள்ள பெரும் சான்று. அதில் பத்துப் பக்கம் படித்தாலே, 18ஆம் நூற்றாண்டு வணிகர் வாயில் "ஓகே" வராது. 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு மத, சாதி வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற குடும்பங்கள் புதிய குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டன. அதற்கு முந்திய கதையில் தமிழ்ப் பையனுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வைத்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இளையோர் நாவலுக்கே உரிய பிழை ஒன்று மிஞ்சியிருக்கிறது. பதினைந்து வயதுப் பெண் கப்பலில் ஏன் இருக்கிறாள் என்பதற்கு, அவள் துணிச்சலானவள் என்பது மட்டும் விடையாகாது. துணிச்சலான பெரியவர்களும் ஊரில் இருந்திருப்பார்கள். கப்பித்தானின் இடத்தில் இருந்து பார்த்தால் விடை எளிது: அவள் 42 கிலோ. எழுபது கிலோ ஆளுக்குப் பதிலாக அவளை ஏற்றினால் 28 கிலோ மணல் கூடுதலாக ஏறும். வாயுப் பைகளுக்கு இடையே நுழைந்து கிழிசலைத் தைக்க அவள் உடம்பும், நெசவுக் குடும்பத்துக் கைப்பழக்கமும் உதவும். அவள் தேவைப்படுகிறாள். அவளைத் தேவைப்படுத்திவிட்டு, நெருக்கடி வரும்போதெல்லாம் துரை ஒருவர் வந்து தீர்த்துவைப்பதாக எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

காந்தி சிலைக்கு எதிரே கப்பலை இறக்கியவர் சென்ற மாதம் திருத்திய படியைக் கொண்டுவந்தார். 1884இல் பாரிசுக்கு அருகே லா பிரான்ஸ் என்ற கப்பல் 23 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே திரும்பியது என்பதைப் படித்துவிட்டு, தம் கப்பலுக்கும் மணிக்கு இருபத்தொரு கிலோமீட்டர் வேகமே வைத்திருந்தார். மார்கழி மாதம், காரைக்காலிலிருந்து வரும் கப்பல் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ அதே வேகத்தில் வீசும் வாடைக்கு எதிரே, நகராமல் நிற்கிறது. இயந்திரம் முழு மூச்சில் ஓடுகிறது. கீழே கடற்பாலத்தின்மேல் கூடிய கூட்டம், அது தங்களைப் பார்ப்பதற்காக நிறுத்தப்பட்டிருக்கிறது என்று எண்ணிக் கையசைக்கிறது. மேலே அந்தப் பெண் மிச்சமிருக்கும் மணல் மூட்டைகளை எண்ணுகிறாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருக்கிறது.