ஒரு மாதம் முழுக்க ஸ்பாகெட்டி வெஸ்டர்ன்: சவாலில் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விதி எளிது. மாதம் முழுக்கத் தினம் ஒரு படம். எல்லாமே ஸ்பாகெட்டி வெஸ்டர்னாக, அதாவது 1960களிலும் 70களிலும் இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களாக இருக்க வேண்டும். நகரி, புத்தூர், சத்தியவேடு, பள்ளிப்பட்டு என்று ஆந்திர எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நம் ஆட்களுக்கு இந்த ஆசை வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. டெக்ஸ் வில்லரை லயன் காமிக்ஸில் தமிழில் படித்துவிட்டு, நடிகர் கிருஷ்ணா குதிரையில் வருவதைத் தெலுங்குப் படங்களில் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. மாடியில் ஏறினால் வெயிலில் காய்கிற நகரி மலையும் கண்ணில் படும்.

இருந்தும் பாதியில் கழன்றுகொள்கிறவர்கள்தான் அதிகம். படங்கள் மோசம் என்பதால் அல்ல, வரிசை தப்பிவிடுவதால். இந்தப் படங்கள் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எடுக்கப்பட்டவை. அதே பாலைவனம், அதே தெரு செட், பல சமயம் அதே முகங்கள். எதற்குப் பிறகு எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் சுவையும் இருக்கிறது, சலிப்பும் இருக்கிறது.

முதல் வாரத்திலேயே செர்ஜியோ லியோனியை முடித்துவிடுவதுதான் எல்லாரும் செய்கிற பெரிய தவறு. அவர் இயக்கிய வெஸ்டர்ன் படங்கள் மொத்தமே ஐந்துதான். 1964இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’, அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் மற்ற இரண்டு டாலர் படங்கள் (‘ஃபார் எ ஃபியூ டாலர்ஸ் மோர்’, ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’), 1968இல் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’, 1971இல் ‘டக், யூ சக்கர்’. ஐந்தையும் வரிசையாகப் பார்த்துவிட்டு ஆறாம் நாள் வேறொரு இயக்குநரின் படத்தைப் போட்டால், பாவம், அவர் என்ன செய்வார்? அவரிடம் இருந்த பணமும் கம்மி, நாளும் கம்மி. வாரத்துக்கு ஒரு லியோனி போதும். தொடக்கம் ‘ஃபிஸ்ட்ஃபுல்’ஆகவே இருக்கட்டும். அது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’வைக் கேட்காமல் எடுத்தது. வழக்கு வந்து, வசூலில் பங்கு கொடுத்துத்தான் தீர்த்தார்கள். அதன் பிறகு செர்ஜியோ கார்புச்சியின் ‘ஜாங்கோ’வைப் (1966) போடுங்கள். லியோனியிடம் தூசி என்றால் இவரிடம் சேறு. சவப்பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஒருவன் ஊருக்குள் நடந்து வருகிறான். பெட்டிக்குள் என்ன என்று சொல்லமாட்டேன். பிரிட்டனில் 1993 வரை அந்தப் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழே கிடைக்கவில்லை.

மூன்றாவது செர்ஜியோ ஒருவர் இருக்கிறார், செர்ஜியோ சொல்லிமா. அவருடைய ‘தி பிக் கன்டவுன்’ படத்தைப் பத்தாம் நாளுக்குள் பார்த்துவிடுங்கள். லீ வான் கிளீஃப் துரத்துகிறார், தாமஸ் மிலியன் ஓடுகிறார், யார் பக்கம் நிற்பது என்று நமக்கே குழப்பம் வருகிறது. இந்த மாதத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்பவர்களுக்கு லியோனியை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் தலைப்பை நம்பி ஏமாறுவது. ‘ஜாங்கோ’ ஓடியதும் ஆளாளுக்கு அந்தப் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். ஜெர்மனியில், ஜாங்கோவாக நடித்த ஃபிராங்கோ நீரோவின் சம்பந்தமில்லாத படங்களுக்குக்கூட ஜாங்கோ என்று பெயர் வைத்தார்கள். நீரோ மறுபடி அதே பாத்திரமாக வந்த முறையான இரண்டாம் பாகம் 1987இல்தான். ‘ஜாங்கோ கில்’ படத்தில் ஜாங்கோ என்று ஒருவன் கிடையாது. ரிங்கோ கதை இன்னும் வேடிக்கை. 1965இல் ஒரே இயக்குநர், ஒரே நாயகன், இரண்டு ரிங்கோ படங்கள். ஆனால் இரண்டிலும் இருப்பது வேறு வேறு ரிங்கோ. டாலர் படங்களே அப்படித்தான். இரண்டாவதில் நல்லவராக வரும் வான் கிளீஃப் மூன்றாவதில் ஈவிரக்கமில்லாத கொலைகாரன். முதல் படத்தில் செத்துப்போன ஜான் மரியா வொலொன்ட்டே இரண்டாவதில் வேறொரு வில்லனாக வந்து நிற்கிறார். முன்கதையைத் தேடி இணையத்தில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜாங்கோ என்று தலைப்பில் இருக்கிற ஐந்து படங்களை அடுத்தடுத்து அடுக்கவும் வேண்டாம்.

எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதில் நம் பக்கம் ஒரு தனித் தகராறு உண்டு. பெரியப்பா, சித்தப்பா யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ‘மெக்கனாஸ் கோல்டு’. அது 1969இல் வந்த சுத்தமான ஹாலிவுட் சரக்கு. கிரிகோரி பெக்கும் ஒமர் ஷெரீஃபும் நடித்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட் குதிரையில் வருகிறார் என்பதற்காக ‘ஹேங் தெம் ஹை’ படத்தைச் சேர்ப்பதும் தப்பு. ‘டூ மியூல்ஸ் ஃபார் சிஸ்டர் சாரா’வில் ஈஸ்ட்வுட்டும் உண்டு, லியோனி படங்களுக்கு இசையமைத்த மோரிகோனியின் இசையும் உண்டு, ஆனாலும் அது அமெரிக்கப் படம்தான். யார் தயாரித்தார்கள், யார் இயக்கினார்கள் என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் இத்தாலிப் பணம், கூட ஸ்பெயினோ ஜெர்மனியோ பங்கு. படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்கப் படம் போலத் தெரிய வேண்டும் என்று ‘ஃபிஸ்ட்ஃபுல்’லில் லியோனி பாப் ராபர்ட்சன் ஆனார், மோரிகோனி டான் சாவியோ ஆனார். நடிகர் டெரன்ஸ் ஹில்லின் சொந்தப் பெயர் மாரியோ ஜிரோட்டி. இன்னொரு நடிகர் பட் ஸ்பென்சர் என்பவர் கார்லோ பெதர்சோலி, ஒலிம்பிக்கில் நீந்தியவர்.

அப்படியானால் நம்ம கிருஷ்ணா? ‘மோசகாள்ளகு மோசகாடு’ 1971இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கியது. தெலுங்கின் முதல் கௌபாய் படம். அடுத்த வருடமே தமிழில் கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கரின் ‘கங்கா’ வந்தது. இவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, ஆனால் பார்க்காமலும் இருக்கக்கூடாது என்பது என் கட்சி. கடைசி வாரத்தில், எண்ணிக்கைக்கு வெளியே, ஒரு ஞாயிறு மதியம் பாருங்கள். அதற்குள் மூலப் படங்கள் மனசில் ஊறியிருக்கும், எந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். முதல் வாரத்தில் பார்த்தால் இந்தச் சந்தோஷம் கிடைக்காது.

டெக்ஸ் வில்லர் ரசிகர்களுக்குத் தனியாக ஒன்று. டெக்ஸும் இத்தாலிக்காரர்தான், 1948இலேயே பிறந்துவிட்டவர். ஆனால் அவர் நியாயத்தின் பக்கம் நிற்கிற ரேஞ்சர். இந்தப் படங்களில் அப்படி ஓர் ஆளை எதிர்பார்த்து உட்கார்ந்தால் இரண்டாம் நாளே கோபம் வரும். இங்கே நாயகனே கூலிக்குச் சுடுகிறவன்.

மொழி விஷயத்தில் சிலருக்கு வீம்பு. இத்தாலியில்தான் பார்ப்பேன், அதுதான் ஒரிஜினல் என்பார்கள். படப்பிடிப்பில் பெரும்பாலும் ஒலியைப் பதிவு செய்யவே இல்லை. அமெரிக்க நடிகர் ஆங்கிலத்தில் பேசுவார், எதிரே நிற்பவர் ஸ்பானிஷிலோ இத்தாலியிலோ பதில் சொல்வார், எல்லாம் பிறகு டப்பிங்கில் சரிசெய்யப்பட்டது. இத்தாலிப் பிரதியில் ஈஸ்ட்வுட்டுக்குக் குரல் கொடுத்தவர் என்ரிகோ மரியா சலேர்னோ. ஆங்கிலத்தில்தான் ஈஸ்ட்வுட்டின் சொந்தக் குரல் கேட்கும். ஆகவே முக்கிய நடிகர் எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் பாருங்கள். வாய் ஒட்டவில்லை என்ற புகாரை நாம் சொல்லலாமா? தெலுங்குப் படத்தைத் தமிழ் டப்பிங்கிலும், தமிழ்ப் படத்தைத் தெலுங்கு டப்பிங்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்த கூட்டம் நாம்.

பிரின்ட் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இந்தப் படங்களில் பல டெக்னிஸ்கோப் என்ற சிக்கன முறையில் எடுக்கப்பட்டவை. ஒரு ஃபிரேமுக்கு ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் துளைகளில் நான்கு துளை அளவு போக வேண்டிய இடத்தில் இரண்டே துளை. பாதி ஃபிலிம் மிச்சம், படமோ அகலத்திரை. அந்த அகலத்தை வைத்துத்தான் விளையாடியிருக்கிறார்கள். ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’யின் முதல் காட்சியைக் கவனியுங்கள். வெறும் வறண்ட நிலம், தூரத்தில் மலை. நாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று ஒரு முகம் திரைக்குள் வந்து இடத்தை அடைக்கும். ஒவ்வொரு சுருக்கமும், வேர்வையும், மேல் நோக்கும் கண்ணும். பழைய டிவிக்காக ஓரங்களை வெட்டிய பிரின்டில் அந்த முகத்தில் பாதிதான் மிஞ்சும், கடைசியில் வரும் மூவர் சண்டையோ மூக்கும் தொப்பியுமாகப் போகும். நீளத்தையும் சரிபாருங்கள். அந்தப் படத்துக்கு 161 நிமிடப் பிரதியும் உண்டு, மூன்று மணி நேரத்தை நெருங்கும் பிரதியும் உண்டு.

நெசவுத் தெருக்காரர்களுக்கு ஒலியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ தொடங்கும்போது ரயிலுக்குக் காத்திருக்கும் மூன்று பேர். இசை கிடையாது, பேச்சும் அநேகமாகக் கிடையாது. காற்றாடி கிரீச்சிடுகிறது, ஒருவன் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவன் முகத்தில் ஈ உட்கார்ந்து பாடாய்ப் படுத்துகிறது. அதுதான் காட்சியே. பக்கத்து வீட்டு விசைத்தறி ராத்திரி ஷிஃப்டில் தடதடக்கும்போது ஸ்பீக்கரில் பார்த்தால், ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்றுதான் தோன்றும். இயர்போன் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

வீட்டு ஹாலில் எல்லாரையும் வைத்துக்கொண்டு போடுவதும் ஆபத்துதான். ‘ஜாங்கோ’வில் காதை அறுக்கிற காட்சி உண்டு. அதைவிட நெருடுவது பெண்களை இந்தப் படங்கள் நடத்துகிற விதம். பலவற்றில் பலாத்காரத்தைக் கதையை நகர்த்தும் சாதாரணத் திருப்பம்போல வைத்திருப்பார்கள். அந்தக் காலம் அப்படி என்று சப்பைக்கட்டு கட்ட எனக்கு இஷ்டமில்லை. பிடிக்காத படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம், யாரும் அபராதம் போடப்போவதில்லை.

மெக்சிகோப் புரட்சியைச் சுற்றி வரும் படங்களைச் சும்மா துப்பாக்கிப் படம் என்று ஒதுக்குவதும் நஷ்டம். ‘எ புல்லட் ஃபார் தி ஜெனரல்’ படத்தின் எழுத்தில் கைவைத்த ஃபிராங்கோ சொலினாஸ்தான் அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றிய ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்தை எழுதியவர். வெள்ளைக்காரன் ஒருவன் வந்து கொள்ளைக்கூட்டத்தில் சேர்கிறான். ஏன் சேர்ந்தான் என்பது தெரியவரும்போது, அது அறுபதுகளின் அரசியல் என்பதும் புரியும்.

கார்புச்சியின் ‘தி கிரேட் சைலன்ஸ்’ (1968) படத்தை எங்கே வைப்பது என்று யோசித்து வையுங்கள். பாலைவனமே இல்லை, எங்கும் பனி. நாயகன் வாய் பேசாதவன். எதிரே கிளாஸ் கின்ஸ்கி. முடிவு நெஞ்சை அழுத்திவிடும் என்பதால் மறுநாளுக்கு ‘தே கால் மீ டிரினிட்டி’யை (1970) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரை இழுக்கும் படுக்கையில் தூங்கிக்கொண்டே வரும் டெரன்ஸ் ஹில், சட்டி நிறைய அவரையை வழித்துத் தின்கிற அழகைப் பார்த்தால் பாரம் இறங்கிவிடும். இதே நகைச்சுவைப் படங்களை முதல் வாரத்தில் வைத்தால் பாதிச் சிரிப்பு வீண். எதைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

கால அட்டவணை பற்றிச் சுருக்கமாக. ‘ஜாங்கோ’ போன்ற ஒன்றரை மணி நேரப் படங்களை வேலை நாளிலும், லியோனியின் நீளப் படங்களை விடுமுறையிலும் வையுங்கள். விட்டுப்போனதைப் பிடிக்கிறேன் என்று ஒரே ஞாயிற்றில் நான்கு படம் பார்த்தால், மறுநாள் எந்தக் கதை எந்தப் படத்தில் என்றே நினைவிருக்காது. மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆடியில் வேண்டாம். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்து படுத்திருக்கும்போது, நடு ஹாலில் யாரும் உங்களுக்கு ரிமோட்டைத் தரமாட்டார்கள்.