மல்லிகை ஏன் சாம்பலாகிறது? மீட்டரிங்கில் நேரும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெங்களூர் சிட்டி மார்க்கெட் பூக்கடைகள் பக்கம் போனால், பூ வாங்க வந்தவர்களுக்குப் போட்டியாகக் கேமராக்காரர்களும் நிற்பார்கள். மாடியில் ஏறி, கீழே கொட்டிக்கிடக்கும் பூக்களை எடுப்பது இங்கே ஒரு சடங்கு. எடுத்த படத்தைப் பார்த்தால் மல்லிகை மட்டும் முந்தாநாள் பூ மாதிரி அழுக்கேறித் தெரியும். கேமரா கெட்டுப்போகவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. வந்தது மங்கிய வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளையா, நல்ல வெயிலில் இருக்கும் கறுப்பா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக வரும்படி கணக்குப் போடும். 18 சதவீதச் சாம்பல் என்று பாடங்களில் சொல்வது இதைத்தான். மேட்ரிக்ஸ், எவால்யுவேட்டிவ் என்ற அளக்கும் முறைகள் சட்டம் (ஃபிரேம்) முழுவதையும் பல கட்டங்களாகப் பிரித்துக் கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஊகிக்கும். ஆனாலும் சட்டம் நிறைய வெள்ளை இருந்தால் அவையும் ஏமாறும்.

கூரை நிழலில் ஒரு கூடை மல்லிகை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, லென்ஸ் துளை எஃப்/4 வைத்தால் கேமரா 1/500 நொடி ஷட்டர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே எடுத்தால் பூ சாம்பல். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் சொன்னதைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1⅓ ஸ்டாப்புக்குத் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) திருப்பினால் ஷட்டர் 1/200க்கு இறங்கும், பூ வெள்ளையாகும். பலர் இங்கே நேரெதிராகச் செய்கிறார்கள். “பூ பளிச்சென்று இருக்கிறதே, குறைப்போம்” என்று மைனஸ் பக்கம் போய், இருட்டை இன்னும் இருட்டாக்குவார்கள். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. கறுப்புக் குடையோ எருமையோ சட்டத்தை நிறைத்தால் -1 அளவில் தொடங்குங்கள். கூட்டிய பிறகு, அளவு மீறி வெளுத்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுப் பாருங்கள். இதழ் நுனிகள் மினுக்கினால் ⅓ ஸ்டாப் மட்டும் இறக்கினால் போதும். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான கரகரப்பு) வரும். முழுசாக வெந்துபோன வெள்ளையை மீட்க வழியில்லை.

கூட்டவா குறைக்கவா என்று குழம்பினால் பக்கத்தில் வாழையிலைக் கட்டு இருக்கிறதா பாருங்கள். பளபளப்பு அடிக்காத பக்கம், இலைப் பச்சை நடுச்சாம்பலுக்குக் கிட்டத்தட்ட ஈடு. இல்லையென்றால் உங்கள் உள்ளங்கையை அளந்து 1 ஸ்டாப் கூட்டுங்கள். எதை அளந்தாலும், எடுக்கப்போகும் பொருள்மேல் விழும் அதே வெளிச்சம் அதன்மேலும் விழ வேண்டும். நீங்கள் வெயிலில் நின்று உள்ளங்கையை அளந்து, நிழலில் இருக்கும் கடைக்காரரை எடுத்தால் கணக்கு தப்பும்.

செண்டுமல்லிக்கும் சிவப்பு ரோஜாவுக்கும் சிக்கல் வேறு. ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) நடுவில் சமர்த்தாக இருக்கும், பூவோ இதழ்க் கோடே தெரியாத ஆரஞ்சுச் சாந்தாக வரும். சிவப்புச் சேனல் மட்டும் வலது ஓரத்தில் முட்டியிருக்கும். வெறும் பிரகாச ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, -⅔ அளவில் குறைத்து எடுங்கள்.

ஸ்பாட் மீட்டரிங் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. சட்டத்தில் சில சதவீத இடத்தை மட்டுமே அது அளக்கும். அந்த இடம் எது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நிக்கானில் அது பொதுவாக நீங்கள் தேர்ந்த ஃபோகஸ் புள்ளியோடு நகரும். பெரும்பாலான கேனான் கேமராக்களில் நடுவிலேயே நிற்கும். ஃபோகஸ் ஓரத்து முகத்தில், அளவு நடுவில் இருக்கும் வானத்தில். இப்படி இருந்தால் முகத்தை நடுவில் வைத்து அளந்து, நட்சத்திரக் குறி அல்லது ஏஇ-லாக் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டு, பிறகு சட்டத்தை அமையுங்கள். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினாலே பூட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். கேமராவுக்குக் கேமரா, அமைப்புக்கு அமைப்பு அது மாறும்.

முகத்தை ஸ்பாட்டில் அளந்தால் 1 ஸ்டாப் கூட்டச் சொல்லும் வெளிநாட்டுப் பயிற்சிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெளுத்த தோலுக்கான கணக்கு. நம்மவர் மாநிறத்துக்கு மீட்டர் காட்டுவதே பெரும்பாலும் பொருந்தும். நல்ல கறுப்பு என்றால் ⅔ வரை குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் பூசிய முகமாக வரும்.

விடியலுக்கு முன் பல்பு வெளிச்சத்தில் தொடர்ச்சியாக எடுக்கும்போது ஒரு படம் இருட்டாக, அடுத்தது வெளிச்சமாக வந்தால் மீட்டரைத் திட்டாதீர்கள். அங்கே தொங்குவது மலிவு எல்இடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை மங்கி எழும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள். 1/500 அங்கே வேண்டாம்.

அந்த இருட்டில் கேமராத் திரையையும் நம்பக் கூடாது. முழுப் பிரகாசத்தில் திரை இருந்தால் 1 ஸ்டாப் குறைந்த படமும் ஜோராகத் தெரியும், வீட்டில் கணினியில் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். திரைப் பிரகாசத்தை நடுவில் வைத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

கிளம்பும்போது காம்பன்சேஷன் டயலைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பல கேமராக்களில் அணைத்தாலும் அந்த +1⅓ அப்படியே நிற்கும். மேனுவலில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டிருந்தாலும் பலவற்றில் அது வேலை செய்யும். அடுத்த வாரம் கப்பன் பார்க் வெயிலில் எல்லாம் வெளுத்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த டயலைத்தான்.