ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வெட்டி இழுத்தால் எதைக் கழற்றுவது, எதை விட்டுவைப்பது

வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து போகையில் கியர் மாறும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கிறதென்றால், கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க உடனே சம்மதிக்க வேண்டாம். அது எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறிய கார்கள் பலவற்றில் உள்ள ஏ.எம்.டி., சாதாரண கியர்பாக்ஸின் கிளட்சை நமக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி இயக்கும் ஏற்பாடு. சிறு தயக்கம் அதன் இயல்பு, அது வரவரக் கூடினால்தான் கிளட்ச் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கீழே சொல்வன, எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகைக்கு உரியவை.

உலுக்கல் எப்போது வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும். நிறுத்திய வண்டியை டி-யிலோ ஆர்-இலோ போட்டதும் இடித்தால், ஐடிலிங் வேகத்தையும் எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட ஒரு மாற்றத்தில் மட்டும் வந்தால் அதற்குரிய சொலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு), வால்வ் பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் பகுதி) அல்லது கிளட்ச் பேக் (கியரைப் பிடிக்கும் கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) மீதும், எல்லா மாற்றத்திலும் வந்தால் ஆயில், அழுத்தம், சென்சார், வலுவிழந்த பேட்டரி ஆகியவற்றின் மீதும் சந்தேகம் கொள்ளலாம்.

அடுத்தது ஆயில், பெரும்பாலும் முடிவு இங்கேதான் கிடைக்கும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையில் இருக்கும்போது லெவல் பிளக்கைத் திறந்து அளவு பார்க்க வேண்டும் என்பதால், அந்த வெப்பநிலையைக் காட்டும் ஸ்கேனர் (வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி) இல்லாத கடையில் இதைச் செய்யவிடாதீர்கள். ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிந்த நிறம் நல்லது. கருகிய வாடையோடு கருத்திருந்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்திருக்கலாம். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது வழக்கமானதே, விரலுக்குத் தட்டுப்படும் உலோகத் துணுக்குதான் ஆபத்து. சிவப்பாக இருக்கிற எந்த ஆயிலும் பொருந்தும் என்பவரிடம் வண்டியை விடக் கூடாது. தவறான ரகமே உலுக்கலுக்குக் காரணமாகலாம். சம்ப்பை வடித்தாலும் கன்வர்ட்டரில் பழையது தங்கிவிடும், ஆகையால் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை மாற்றுவது நன்று.

வேலூர் வெயிலில், அதிலும் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிய பிறகு மட்டும் உலுக்கினால், ஆயில் கூலரில் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

இவற்றிலும் தீராவிட்டால், ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டைப் பார்த்து, ஒயரிங், கனெக்டர், சொலனாய்டு, வால்வ் பாடி என்ற வரிசையில் போகலாம். அந்தக் குறியீட்டை அழித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்பது வேலை ஆகாது. வால்வ் பாடியில் கை வைத்த பிறகு அடாப்டேஷன் ரீசெட் (கியர் மாற்றத்துக்காகக் கணினி பழகிவைத்த அளவுகளை அழித்துப் புதிதாகப் பழகவிடுவது) செய்து, மெக்கானிக்கையும் உடன் அழைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.

கியர் வழுக்கலும், கருகிய ஆயிலும், உலோகத் துணுக்கும் சேர்ந்திருந்தால் மட்டுமே ஓவராலிங், அதாவது கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது. அப்போது அந்தச் செலவை வண்டியின் இன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டு, வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோவதானால், எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸின் பம்ப்பும் ஓடாது, ஆயில் சுற்றாது. ஆகவே கயிறு கட்டி இழுக்காமல், நான்கு சக்கரமும் மேலே ஏறும்படி ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றியே அனுப்ப வேண்டும்.